பலகை மாமுவின் கணுக்கால்

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை வரை எத்தனையோ பேர் எலும்பை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கோணத்தில் ஒட்ட வேண்டும் என்று டாக்டரிடம் வாதாடியவர் பலகை மாமு ஒருவர்தான்.

தண்டையார்பேட்டையில் ஓர் அரிசிக் கிடங்கில் நான் குமாஸ்தா; அவர் மூட்டை தூக்குபவர். அடுக்கின்மேல் சாய்த்த பலகையில் அவர் ஏறினால், பலகை பணிவோடு வளையும். ஒருநாள் அது நழுவி, அவருடைய இடது கணுக்கால் நொறுங்கியது. கோணலாகக் கூடிய எலும்பு இரண்டு வருடம் அவரைத் தூங்கவிடவில்லை.

கணுக்காலைத் திறந்து, தேய்ந்த பாகத்தைச் சுரண்டி, எலும்புகளை ஒன்றாக்கிவிடலாம் என்றார் டாக்டர். வலி போய்விடும், மடங்குவதும் போய்விடும். தரையில் நடக்கத் தோதாக, செங்கோணத்தில் ஒட்டுவாராம்.

மாமு யோசித்தார். “தரை நமக்கு இன்னாத்துக்கு நைனா? ஒட்றதுதான் ஒட்றே, பாதத்த கொஞ்சம் மேல தூக்கி ஒட்டு. நம்ம பொயப்பே பலகை ஏர்றதுதான்.”

“இறங்கும்போது?” என்றார் டாக்டர்.

“எறங்க சொல்ல வெறுங்கைதானே. திரும்பிக்கினு எறங்குவேன்.”

டாக்டர் செங்கோணத்திலேயே ஒட்டினார். முழங்கால் வரை மாவுக்கட்டு, மூன்று மாதம். காலை ஊன்றவே கூடாது. செவ்வாய், வெள்ளிகளில் நாலரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போவேன். ஜன்னலில் கடற்காற்று, தூரத்தில் கப்பல் சங்கு. மாமு கண்ணை மூடிப் படுத்தபடியே பலகை ஏறிக்கொண்டிருப்பார். பதினோராவது அடுக்கு, பன்னிரண்டாவது அடுக்கு என்று அறிவிப்பு வேறு. கிடங்கின் கூரையைத் தாண்டி, மூட்டையை மேகத்தின்மேல் இறக்கிவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார். ஒருநாள் மட்டும் குரல் இறங்கியது.

“கனவுல மடங்குது சார். முய்ச்சிக்கினா மடங்கல.”

கிடங்கு வாசலில் உட்கார்ந்து கோணி தைக்கும் வேலையை மேஸ்திரி அவருக்காக ஒதுக்கியிருந்தார். சொன்னேன்.

“குந்திகினு ஊசி புடிக்கவா இம்மாம் பெரிய முதுகு?”

கட்டுப் பிரித்து, கொஞ்சகாலம் தடியோடு பழகித் திரும்பினார். வலி அறவே இல்லை. நடையில் லேசான விந்தல், அவ்வளவுதான். ஆனால் பலகையில் கால் வைத்தபோது முன்பாதம் பட்டது, குதிகால் அந்தரத்தில் நின்றது. இரண்டடி ஏறினார், இறங்கினார். கோணி ஊசியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மறுநாள் காலை, பலகையில் ஆப்பு மாதிரி சிறு மரக்கட்டைகள் அடிக்கப்பட்டிருந்தன. இடது கால் படும் இடங்களில் மட்டும். எவன் வேலை இது என்று மாமு கேட்டார். மழையில் வழுக்காமல் இருக்க என்றான் ஒருவன். அப்போது சித்திரை மாதம்.

மாமு மூட்டையை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கட்டையிலும் குதிகால் பதிய, கடைசி அடுக்குவரை ஏறினார்.

கட்டைகளுக்கு இடையே விட வேண்டிய தூரத்தைச் சொன்னவன் நான். மாமுவின் ஓர் அடி எவ்வளவு நீளம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.