எட்டாம் பக்கத்துப் பொத்தான்

அன்பு மகள் தர்ஷினிக்கு,

நாகரசம்பட்டியிலிருந்து அப்பா முனிராஜ் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். இந்த வருஷம் தோப்பில் காய்ப்பும் சுகம். புனேயில் நீ, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் என் மானம் போன கதை. பனியனோடு உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் சாறு வழிய நான் மாம்பழம் தின்னும் படம் இரண்டு குடும்பமும் பார்க்கும் ஆல்பத்தில் ஏறியது என் குற்றம் இல்லை. கல்யாணமாகிப் போகும்போது போட்டோ வெப்சைட் பார்ப்பது எப்படி என்று நீ பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுத்தாயே, அந்தப் புத்தகத்தின் எட்டாம் பக்கப்படிதான் செய்தேன். 'வலது பக்கம் கீழே உள்ள பொத்தான் படத்தைப் பத்திரப்படுத்தும்' என்று போட்டிருக்கிறாய். அந்த இடத்தில் இப்போது எல்லாருக்கும் காட்டும் பொத்தானை வைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவோ, "ஏங்க, சட்டையப் போட்டுக்கிட்டுத் தின்னா பழம் உள்ள எறங்காதா?" என்கிறாள்.

நான் வேலை பார்க்கும் போச்சம்பள்ளி கம்பெனியில் வேலைமுறை மாறினால், மெஷின் முன்னால் தேதி போட்டுப் புதுத் தாள் மாட்டி, பழையதைக் கிழித்துவிட வேண்டும். ஆடிட்காரர் கண்ணில் பழைய தாள் பட்டால் தொலைந்தோம். அதே மாதிரி உன் புத்தகத்திலும் திருத்தச் சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன். பொத்தான் இடம் மாறினால் ஒரு சீட்டு, நிறம் மாறினால் ஒரு சீட்டு. புத்தகம் தலையணை மாதிரி உப்பிவிட்டது. என்னோடு வேலை செய்யும் தமிழரசன் பார்த்துவிட்டு, "அண்ணா, உம் பொண்ணு எழுதினது கரெக்டு. வெப்சைட்டுதான் தப்பு. அவனுக்கு மெமோ குடு" என்கிறான். அவனுக்கென்ன, சிரிப்பான். நீ புதுசாகப் போட்ட படங்கள் எந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கின்றன என்று தெரியாமல், அம்மா சோற்றை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உன் முகத்தைப் பார்க்க எங்களுக்கு இருக்கும் வழி அதுதானே.

ஆகவே சீட்டுகளையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து இந்த மாம்பழப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சரிபார்த்து இரண்டாம் பதிப்பு போட்டு அனுப்பவும். பெட்டியில் பாதி சம்பந்தியம்மாவுக்கு. என் படத்துக்குக் கீழே, "பழம் எங்களுக்கு இல்லையா அண்ணா?" என்று கேட்டிருந்தார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் சிரித்த முகமும் நிறையப் படமுமாக நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பனியன் அப்பா

பி.கு.: பெட்டியை மூடப்போகும் நேரத்தில் போன் தானாக அப்டேட் ஆகி, பொத்தான்களெல்லாம் மேலே ஏறிவிட்டன. மேலே எழுதியது எதுவும் செல்லாது. சீட்டுகளைப் பழம் நசுங்காமல் இருக்க இடையில் திணித்துவிட்டேன். இரண்டாம் பதிப்பும் வேண்டாம். அன்றைக்கு போனில் சிரித்துக்கொண்டே, "அந்தப் பழைய புக்கைத் தூக்கிப் போடுப்பா, எல்லாம் தப்பு" என்றாய். "சரிம்மா" என்றேன், ஆனால் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "அப்பா, எதை அமுக்கினாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, தைரியமா அமுக்கு." அதற்கு மட்டும் இன்றுவரை சீட்டு ஒட்ட வேண்டி வரவில்லை. அதை போனில் சொல்லவில்லை.