சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிக்காரர்

கனடாவின் ஸ்காபரோவில் என்னை மிஞ்சிய சங்கீதக்காரன் இல்லை என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை ஒரே கிழமையில் கெடுத்தவர் பெட்டிக்காரர்.

டபிள் பேஸ் என்ற, ஆளைவிட உயரமான வாத்தியத்தின் பெட்டியோடு எங்கள் தொடர்மாடியில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர். பெட்டி லிஃப்ற்றில் ஏறினால் மனிதர் ஏற இடமிராது. அதைத் தனியே அனுப்பிவிட்டு, ஒன்பது மாடியும் படியில் ஓடி, மேலே நின்று வரவேற்பார்.

ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் பாட்டுகளை ஜாஸோடு கலந்து, நாலைந்து பேர் வாசிக்க இசையமைப்பதுதான் அவர் தொழில். கலப்பதற்கு வேறு என்ன அகப்பட்டாலும் விடமாட்டார். சலவை அறையில் மெஷின் கடகடத்தால் அதையும் பதிவு செய்வார். ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்'தான் அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல். அதை வைத்தே என் மனைவியோடு அரைமணி நேரம் கதைப்பார்.

அதையும் பொறுத்தேன். ஒருநாள் அவர் வாசிப்பதைக் கேட்டு, வெங்காயம் உரிக்காமலே மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உந்த மனிசன் வாசிச்சா அழுகை வருது. நீங்கள் மிருதங்கம் வாசிச்சா நித்திரைதான் வருது."

எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் முதல் அவர் தொடங்கியதும் சுவரில் ஓங்கித் தட்டினேன். நிறுத்தட்டும் என்றுதான். அவரோ இன்னும் உற்சாகமாக வாசித்தார். குளிர்காலம் முழுக்க இந்தச் சண்டை நடந்தது.

பனி கரைந்ததும் ஒரு சின்ன மண்டபத்தில் அவருடைய கச்சேரி. எங்களையும் அழைத்திருந்தார். பிழை பிடிக்கத்தான் போனேன். கடைசி உருப்படியில் ஒருவர் பலகையில் தட்டத் தொடங்கினார். தகிட தகதிமி, தகிட தகதிமி. எங்கேயோ கேட்ட தட்டு.

முடிந்ததும் பெட்டிக்காரர் என்னைக் காட்டினார். பக்கத்து வீட்டு மிருதங்க வித்துவான் குளிர்காலம் முழுக்கச் சுவருக்கு அப்பாலிருந்து தனக்குத் துணைக்கு வாசித்த தாளம் இது என்றார். கோபத்தில் தட்டினாலும் மிருதங்கக்காரன் கை தாளத்தில்தானே தட்டித் தொலைக்கும். சபை கைதட்டியது. எழுந்து கும்பிட்டேன், வேறென்ன செய்ய?

மனைவி காதுக்குள் சொன்னாள்: "சண்டை பிடிச்சனீங்கள் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

போன மாதம் பெட்டிக்காரர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். நேற்றுப் பின்னேரம் கை சும்மா இருக்காமல் சுவரில் தகிட தகதிமி என்று ஏழு தட்டினேன். புதிதாக வந்தவர் மனேஜரிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

பொறாமை இன்னும் போகவில்லை. ஆனாலும் நான் தட்டியதைச் சங்கீதமென்று எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.