உடும்பு விசாரித்த கல்லூரி

ஒரு காட்டில் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே மரத்துக்கு மரம் பேனர் தொங்கியது. எல்லா பேனரிலும் ஒரே மான்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தது. பி.பி.ஏ. சொல்லித்தர நான்கு கல்லூரிகள். நான்கிலும் நூறு சதவீத வேலைவாய்ப்பு.

செண்பகவல்லி என்ற உடும்புக்கு வியாபாரம் படிக்க ஆசை. அவளுடைய தோழி உமையாள் என்ற ஆமைக்கும் அதே ஆசைதான். ஆனால் உமையாளுக்கு ஒரு சிக்கல்.

"நாலு காலேஜையும் நான் போய்ப் பாக்கறதுக்குள்ள மத்தவங்க பட்டமே வாங்கிடுவாங்கடி. நீ பாத்துட்டு வந்து ஒண்ணு சொல்லு, நேரா அங்க கிளம்பிடறேன். தப்பாச் சொல்லிடாத. என்னால திரும்பி நடக்க முடியாது."

"நான் விசாரிக்காம விடுவேனா?" என்றாள் செண்பகவல்லி. விடமாட்டாள். எதைப் பிடித்தாலும் விடாத குடும்பம் அது.

போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள். "போன வருஷம் முடிச்சவங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்க?"

முதல் கல்லூரியில் ஜூஸ் கொடுத்தார்கள். இரண்டாவதில் பை கொடுத்தார்கள். மூன்றாவதில் வாசல் யானை அவளைத் தும்பிக்கையால் மரியாதையாகத் தூக்கி வெளியே வைத்தது.

நான்காவது கல்லூரியின் முதல்வர், டாக்டர் வர்ணமூர்த்தி என்ற பச்சோந்தி. செண்பகவல்லி அவருடைய அறைச் சுவரில் ஏறிக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். வெளியே பெற்றோர் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"ஒரே ஒருத்தர் பேரு சொல்லுங்க சார், இறங்கிடறேன்."

வர்ணமூர்த்தி மஞ்சளானார், சிவப்பானார், கடைசியில் சுவர் நிறத்துக்கே போய்க் குரலைத் தாழ்த்தினார். "அப்ளிகேஷன் கொடுக்குதே நாரை, அது நம்ம மாணவிதாம்மா."

"அப்புறம்?"

"பஸ் ஓட்டுற கரடி. பேனர் கட்டுற குரங்கு. உன் வீட்டுக்கு இருபது தடவை போன் பண்ணுச்சே மைனா, அது கோல்டு மெடல்."

"மத்தவங்க?"

"மைனாவுக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்து போன் பண்றாங்க."

செண்பகவல்லிக்கு இப்போதுதான் புரிந்தது. இவர் பொய்யே சொல்லவில்லை. படித்தவர்கள் அத்தனை பேருக்கும் வேலை. அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை.

"இதை வெளிய போய்ச் சொல்லப் போறேன்," என்றாள்.

"சொல்லு. எத்தனை நாளா இப்படி விடாம அலையறே?"

"பத்து நாளா."

"அலுக்கலியா?"

"இல்லையே."

வர்ணமூர்த்தி மெல்லப் பொன்னிறமானார். "இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். அட்மிஷன் பிரிவுக்கு நீதான் தலைவி. மூணு வருஷம் படிக்கவே வேண்டாம். நாள் முழுக்க வெயில் விழற ஜன்னலோட தனி ரூம்."

வெயில் விழுகிற ஜன்னல் என்றால் எந்த உடும்புக்குத்தான் நகம் தளராது? செண்பகவல்லி இறங்கினாள்.

சேர்க்கையின் கடைசி நாள் மதியம், ஓடு முழுக்கப் புழுதியோடு உமையாள் வந்து சேர்ந்தாள். நாலு காலிலும் கொப்புளங்கள்.

"எப்படிடி இங்க வந்தே?" செண்பகவல்லி பதறிப்போனாள். "இங்க வான்னு நான் சொல்லி அனுப்பவே இல்லையே?"

"மூணு காலேஜ் சரியில்லன்னு நீ சொல்லி அனுப்பினே. நாலாவதுக்குப் போனவ திரும்பியே வரல. சரி, இதுதான் நல்ல காலேஜ், நீ இங்கயே சேந்துட்டேன்னு புரிஞ்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டேன். நல்லா விசாரிச்சுட்டே இல்ல?"

செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள். வெயில் இதமாக இருந்தது. திரும்பிப் போ என்று சொன்னால் இவள் எந்தக் காலால் நடப்பாள் என்றும் நினைத்துக்கொண்டாள்; அந்த நினைப்பு அவளுக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

"விசாரிச்சேன்," என்றாள். "முடிச்ச எல்லாருக்கும் வேலை கிடைக்குது. என் கண்ணால பாத்தேன்."

உமையாள் கண் கலங்கிவிட்டாள். பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துத் தலையை நீட்டிக் கேட்டாள்.

"நீ எந்த செக்‌ஷன்டி?"

"அட்மிஷன் செக்‌ஷன்."

நீதி: கல்லூரியைப் பற்றி விடாமல் கேள்வி கேட்பவருக்குப் பதவி கிடைக்கும்; பட்டம் அவரை நம்பி வந்தவருக்கு.