இண்டிகேட்டர் போடா வீரனும் கோடு காத்த காரும்

வாழ்க! குறடேந்திய கரத்தோன், கடைவாய்ப் பற்களின் காலன், இண்டிகேட்டர் என்னும் இழிகருவியை இருபதாண்டுக் காலம் விரலாலும் தீண்டாத விரதசீலன், பல் வைத்தியப் பெருமான் வாழ்க! முன்னே போகிறவன் மனத்தை அறிவது பின்னே வருகிறவன் கடமை என்னும் பேரறத்தைச் சாலைதோறும் நிலைநாட்டி, அதற்காகப் பழைய காரின் நான்கு மூலைகளிலும் விழுப்புண் பெற்றுத் தந்த அவ்வீரன், மனைவி தன் சம்பளத்தில் வாங்கிய புதுக் காரின் சாரதி ஆசனத்தில் அன்று ஆரோகணித்தான்.

சாவியைக் கொடுக்குமுன்னரே அவள் சூளுரைத்திருந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்கு ஒழுங்கா கொண்டுபோய்ச் சேர்த்தீங்கன்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வழியில ஏதாவது கூத்தடிச்சீங்க, அப்புறம் ஸ்டீயரிங் பக்கமே வரக் கூடாது."

பின் ஆசனத்தில் அவள் தம்பி, இப்பெரும்போருக்குச் சாட்சியாய்க் காலை நீட்டி அமர்ந்தான்.

நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிளைச்சாலை பிரியக் கண்டதும், வீரன் வழக்கம்போல் ஒருவருக்கும் அறிவியாது ஸ்டீயரிங்கை ஒடித்தான். ஐயகோ! முன்கண்ணாடியின் உச்சியில் இமையாது விழித்திருந்த கேமரா வெள்ளைக் கோட்டைக் கண்டது. இண்டிகேட்டர் போடாமல் கோடு தாண்டுகிறவன் தூங்கிவிட்டான் என்றே முடிவுகட்டும் அக்கார், கிணுகிணுவென முழங்கி, சக்கரங்களை மெல்லத் தன் தடத்துக்கே திருப்பிற்று.

"யார்றா அது ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுக்கிறது?"

"கார்தான் மாமா. இண்டிகேட்டர் போடுங்க, விட்டுடும்."

"நான் எங்க திரும்பினா இந்த டப்பாவுக்கு என்னடா?" என்று பிரகடனம் செய்த பெருமான், வாயை இறுக மூடிக்கொண்ட நோயாளியின் தாடையோடு மல்லுக்கட்டுவதுபோல் இரு கைகளாலும் இழுத்தான். கார் பணிந்தது, பணிந்த வேகத்தில் ஓரத்து மணலேறிச் சறுக்கிற்று. அக்கணமே, வண்டியின் நிலை காக்கும் பொறியானது சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியே பிரேக் பிடித்து, மூன்று உயிர்களையும் மீட்டு, காரை நெடுஞ்சாலையிலேயே நேராக்கி ஓடவிட்டது. கிளைச்சாலை பின்னே போய்விட்டது.

"பார்த்தியா, எப்படிக் கட்டுப்படுத்தினேன்!" என்றான் வீரன், வெற்றிப் பெருமிதத்தோடு.

மனைவிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். "தங்கச்சி வீட்டுக்குப் பிரியிற ரோடு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மரியாதையா இண்டிகேட்டரைப் போடுங்க" என்றாள்.

அந்தோ! சாவி கைநழுவும் அச்சம் விரதத்தை வென்றது. கடைசிக் கிளைச்சாலை நெருங்க நெருங்க, விண்ணவர் மூச்சடக்கிப் பார்த்திருக்க, மைத்துனன் போனில் வீடியோ எடுத்திருக்க, இருபதாண்டு தீண்டாத அக்கருவியை நோக்கித் தன் திருக்கரத்தை நீட்டி, ஸ்டீயரிங்கின் பக்கத்தே நீண்டிருந்த கம்பியைப் பெருமான் ஓங்கித் தட்டினான்.

வைப்பர் ஓடியது. கண்ணாடியெங்கும் சோப்புத் தண்ணீர் பீச்சியடிக்க, அதன் ஊடே கடைசிக் கிளைச்சாலையும் கலங்கலாய்க் கடந்து போயிற்று.

திரும்பி வரும்போது மனைவிதான் ஓட்டினாள்.