சாரம் கட்டிய துவக்கு

பெண் வீட்டில் குடியிருக்கும் புது மருமகனின் கை சும்மா இருக்காது. எதையாவது செய்து பெயர் வாங்கத் துடிக்கும். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் போனேன். போன கையோடு மாமனாரின் துவக்கைக் கெடுத்தேன்.

அது வயல் வட்டைக்குள் பன்றி விரட்ட அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் துப்பாக்கி. வருடக் கடைசியில் அரசாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மையைப் பன்றிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதன் மரப்பிடி கறுத்துப்போய் இருந்தது. "இப்படியா கொண்டுபோய்க் காட்டுவீங்க மாமா? நான் மினுக்கித் தாறன்" என்றேன். (அவர் கேட்டாரா? இல்லை.)

"தேங்காய் எண்ணெய் தடவினாக் காணும் மனே. நான் எப்பவும் அதுதான் தடவுற."

நான் கேட்பேனா? கைபேசியில் நாலு வீடியோ பார்த்தவன். மரத்தின் நிறம் மாறாத பூச்சு வேண்டும் என்று கடையில் கேட்டேன். மினுக்கமில்லாத ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். பூசியதே தெரியாவிட்டால் மருமகன் பூசியது எப்படித் தெரியும்? அடுத்து, தோணிக்குப் பூசும் வார்னிஷைக் காட்டினார். கண்ணாடி போல மினுங்குமாம். அதையே வாங்கினேன்.

பூசினேன். காயவில்லை. அடைமழைக் காலம். போதாததற்கு, மாமா வருடக்கணக்காக ஊட்டிய தேங்காய் எண்ணெய் முழுக்க மரத்துக்குள் இருந்தது. அதை முதலில் எடுக்க வேண்டும் என்ற புத்தி பிறகுதான் வந்தது. அப்போது வந்த புத்தி, இன்னொரு தடவை பூசினால் காய்ந்துவிடும் என்பது. பூசினேன். விரல் வைத்தால் விரலோடு வந்தது. மனைவி மாலினி மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, "இது காயாட்டி அப்பா என்னையும் சேர்த்துத்தான் ஏசுவார்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காட்டப் போகும் நாள் காலையில் மாமா கேட்டார்.

"காஞ்சிட்டா மனே?"

"ஓம் மாமா." (வாய் என்னுடையது, பேசியது பயம்.)

"நல்லாத்தான் மினுங்குது" என்று குழலில் பிடித்துத் தூக்கினார். மழை படக்கூடாதென்று, கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த, இடுப்பில் உடுத்தும் கட்டம்போட்ட புதுச் சாரத்தில் அதை இறுக்கிச் சுற்றி, கயிற்றாலும் கட்டினார். ஆட்டோவில் மடியில் வைத்து அணைத்துக்கொண்டே வந்தார். அவர் அணைக்க அணைக்க நான் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன்.

"துணிய எடுங்க, நம்பரைப் பார்க்கவேணும்" என்றார் அதிகாரி.

மாமா கயிற்றை அவிழ்த்துச் சாரத்தை இழுத்தார். வரவில்லை. நான் இழுத்தேன். வரவில்லை. அதிகாரி குழலைப் பிடிக்க, நாங்கள் இருவரும் சாரத்தைப் பிடித்து இழுக்க, வரிசையில் துவக்குகளோடு இருந்தவர்கள் எழும்பி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். நல்லவேளை, நம்பர் இருப்பது இரும்பில். அதிகாரி சாரத்தின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெட்கப்படுது போல, கொண்டுபோங்க" என்று முத்திரை குத்தினார்.

பத்திரம் தப்பியது. நான் தப்பினேனா தெரியவில்லை. வழி முழுக்க மாமா என் பக்கம் திரும்பாமல் சாரத்தின் ஓரத்தையே இழுத்து இழுத்துப் பார்த்தார். பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டு வாசலில் பக்கத்து வயல்காரர் நின்றார்.

"என்ன, இந்தமுறை பண்டிக் காவலுக்குத் துவக்கு இருக்கா?"

"துவக்கு என்னத்துக்கு? வட்டையச் சுத்தி மருமகன வார்னிஷ் பூசச் சொல்லியிருக்கன். பண்டி ஒட்டிக் கிடக்கும். விடிஞ்சாப் போய்ப் பிடிக்கலாம்" என்றார் மாமா.

மாலினி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

சாரத்தைப் பிய்த்தெடுத்தோம். அதன் கட்டங்கள் மட்டும் மரத்தில் அப்படியே பதிந்துவிட்டன. சுரண்டித் தருகிறேன் என்றால் மாமா துவக்கைத் தரமாட்டார். இன்றைக்கும் வீட்டில் ஒரு ஆணி அடிக்க நான் சுத்தியலை எடுத்தால் போதும், மாமா முதலில் தன் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.