கைக்கு எதுவும் தட்டக்கூடாது

நான் மிக நல்ல வேலைக்காரன். என் வாழ்க்கையில் நடந்த பெரிய கேடு அதனால் வந்ததுதான். நான் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் என் மாமியார் இன்று சொந்த டிராக்டரில் போய்க்கொண்டிருப்பார்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்து, ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் சேர்ந்தவன் நான். கையுறை போட்டுக்கொண்டு காரைத் தடவிப் பார்ப்பதுதான் வேலை. விரலுக்கு ஏதாவது தட்டினால் அது டிஃபெக்ட்; தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஒன்பது வருடம் தடவினேன். சிறந்த ஊழியர் என்று என் படத்தைக் கேண்டீன் சுவரில் ஒட்டினார்கள். (யாரோ அதில் கொம்பு வரைந்தான். அதையும் தேய்த்து எடுத்தேன். கூடவே என் நெற்றியில் பாதி போயிற்று. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.)

மணந்தது வல்லக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணை. மாமியார் சரோஜா, கணவரை இழந்தவர். அந்த வட்டாரத்தில் கூலிக்கு டிராக்டர் ஓட்டிய ஒரே பெண்பிள்ளை அவர்தான். சுற்றிலும் நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு உழவு இல்லை. டிராக்டர் கொட்டகையில் துரு ஏறி நின்றது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால், "மருமகன் வூட்டு சோறு" என்று தட்டைப் பார்த்துச் சொல்வார். (சமைத்ததே அவர்தான்.)

அந்தச் சமயத்தில் ஒரு ஹாஸ்டல்காரர், தண்ணீர் டேங்கர் இழுக்க டிராக்டர் தேடினார். வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. எடுத்து வந்தால் வேலை அத்தைக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். மறுபடி தன் வீட்டில் தன் சோறு. அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பெயிண்ட் வேலைய நான் பாத்துக்கிடுதேன் அத்தை" என்றேன்.

"மண்ணெண்ண போட்டு கம்பி பிரஷ்ல தேய்ச்சா போதும் மாப்ள. எஃப்.சி.க்குத்தான போவுது, பொண்ணு பாக்கவா போவுது? மிஷினெல்லாம் எத்துக்கினு வராதீங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெயிண்ட் ஷாப்காரனிடம் கம்பி பிரஷ்ஷா? லீவு போட்டேன். பெயிண்ட் உரிக்கும் திரவம், உப்புத்தாள், கிரைண்டர் எல்லாம் கொண்டுவந்து இறக்கினேன். நீலம் உரிந்தது, அதன் கீழே பச்சை, அதன் கீழே சிவப்பு. மூன்று நாள் துருப்பொடியைத் தின்றேன். தும்மினால் செங்கல் நிறத்தில் வந்தது.

கடைசியாக, எஞ்சினை ஒட்டி வலப்பக்க இரும்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியாக அப்பியிருந்த கிரீஸைப் பார்த்தேன். இவ்வளவு அழுக்காகவா ஒரு வண்டியை வைத்திருப்பது என்று தலையில் அடித்துக்கொண்டு வழித்தெறிந்தேன். அடியில் பிசுக்கேறிய பெயிண்ட். தடவினேன். வரிசையாகக் குழி தட்டியது. துருப்பொடி படிந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் கண்ணைவிடக் கையை நம்புகிற சிறந்த ஊழியராயிற்றே! துரு தின்ற குழி என்று முடிவு கட்டி, கைக்கு எதுவும் தட்டாதவரை கிரைண்டரை ஓட்டினேன்.

புதுச் சிவப்பில் டிராக்டர் பளபளத்தது. அத்தை அதில் தன் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். "புது வண்டி கணக்கா கீது மாப்ள" என்றார். மறுநாள் புதுப்புடவை கட்டி, தேங்காய் உடைத்து, அவரே ஓட்டிக்கொண்டு போனார். நான் பைக்கில் பின்னால் போனேன், பெருமை தாங்காமல்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் சோதனை அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். "சேஸ் நம்பர் எங்கம்மா? இரும்புல பொறிச்சிருக்குமே?"

"தோ, இங்கதான் சார். துரு துன்னுடக் கூடாதுன்னு வருசா வருசம் நான்தான் கிரீஸ் அப்பி வெச்சிக்கினு வரேன்."

அவர் அந்த இடத்தில் தாளை வைத்து, எண்ணைப் பிரதி எடுக்கப் பென்சிலால் தேய்த்தார். தாள் முழுக்கக் கறுப்பானது. ஓர் எண்கூட எழும்பவில்லை. இன்னொரு தாள் வைத்தார். அதுவும் அப்படியே.

"திருடனுங்ககூட இவ்ளோ சுத்தமா அழிக்க மாட்டானுங்கம்மா" என்றார். வீட்டுக்கும் கம்பெனிக்கும் வெளியே என் வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அத்தை என் பக்கம் திரும்பினார். "அந்த கிரீஸை இன்னா பண்ண நீ?"

கல்யாணத்துக்குப் பிறகு முதல் 'நீ'.

"தொடச்சிட்டேன் அத்தை... கைக்குத் தட்டுச்சு..."

எண்ணைத் திரும்பப் பதிக்க, அது திருட்டு வண்டி இல்லை என்று போலீஸ் கடிதம் வேண்டும். அதைக் கேட்டுப் போனால், வண்டி உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள்; ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினால், அதிலுள்ள எண் வண்டியில் எங்கே என்றார்கள். ஆதாரத்தைத்தான் நான் மூன்று நாள் லீவு போட்டுத் தேய்த்திருந்தேனே! ஹாஸ்டல்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வண்டி பிடித்தார். எங்கள் மனு இன்னும் ஏதோ ஒரு மேஜையில் இருக்கிறது. ரொம்ப நாள் ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குத் தெரியும், திட்ட வேண்டிய ஆள் யார் என்று.

டிராக்டர் கொட்டகையில் பளபளவென்று நிற்கிறது. வீட்டில் குழந்தை முகத்தைத் துடைக்க நான் துண்டை எடுத்தால், "மூக்கு இருக்கட்டும்ங்க" என்று மனைவி பிடுங்கிக்கொள்கிறாள்.

மருமகன் சோறு வேண்டாம் என்று அத்தை கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்துவிட்டார். எங்கள் கம்பெனியில்தான், கேண்டீனில், என் படம் இருக்கும் சுவருக்கு எதிரே தட்டுக் கழுவுகிறார். சாப்பிட்ட தட்டை நான் நீட்டும்போதெல்லாம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை முந்தானையால் மூடிக்கொள்வார்.

"தள்ளி நில்லு மாப்ள. இதுலயும் ஒரு நம்பர் கீது."

வரிசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.