வாசலை அடைத்த மாமா

கல்யாண மண்டபத்து வாசலில் சதக் மாமா நங்கூரம் போட்டதுபோல் நின்றார். அவருக்குப் பின்னால் கீழக்கரையில் பாதி நின்றது.

"மாமா, உள்ள போங்களேன்," என்றான் ஸுஹைர்.

"எங்கூட்டாளிக மூணு பேரு வரணும் மருமவனே. ஒரே சஹன்ல உக்காரணும்ல."

நான்கு பேர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் சஹன். மாமா கேட்டது நியாயம்தான். ஆனால் ஸுஹைருக்குப் பொறுக்கவில்லை. தங்கை மாஷிதாவின் நிக்காஹ் விருந்தில் சம்பந்தி வீட்டார் வெயிலில் காய்ந்தால் வாப்பாவின் மானம் என்ன ஆவது? போதாக்குறைக்கு, அவன் பெங்களூரில் பார்க்கும் வேலையே இதுதான். டேட்டா சென்டர்களில் கோடிக்கணக்கான தகவல் பாக்கெட்டுகள் முட்டிக்கொள்ளாமல் அந்தந்த கம்ப்யூட்டருக்குப் போய்ச்சேர வழிபிரிக்கும் ஸ்விட்சை வடிவமைப்பவன். வரிசையின் தலை நின்றால் வாலும் நிற்கும் என்பது அங்கே அரிச்சுவடி.

போன வாரம்தான் அவன் வடிவமைப்பை மேலாளர் திருப்பி அனுப்பியிருந்தார். வாங்கிக்கொள்கிற பக்கம் தயாராகாவிட்டால், வருவதை வாசலிலேயே நிறுத்த என்ன ஏற்பாடு என்று கேட்டிருந்தார். வேகத்துக்கு ஸ்விட்ச் செய்தால் தடுக்க வழி கேட்கிறாரே என்று ஸுஹைர் சிரித்திருந்தான்.

இப்போது வரிசையை ஊர்வாரியாகப் பிரித்தான். கூட்டம் மாமாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடியது. மாமா அவன் கையை அழுத்திக் கண்ணைச் சிமிட்டினார். பாவம், கண்ணில் தூசி என்று நினைத்துக் கையை உருவிக்கொண்டான்.

சஹனுக்கு நாலாவது ஆளைத் தேடி ஏர்வாடி வரிசை தேங்கியது. ஊரும் உறவும் பார்க்காமல், முதலில் வரும் நான்கு பேரை ஒரு சஹனில் உட்காரச் சொன்னான். பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பி இருவர் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். அதுவும் போதாமல் பக்கவாசலைத் திறந்துவிட்டான். மண்டபம் நிரம்பி வழிந்தது. உள்ளே எழுந்த இரைச்சலைக் கேட்டு, எல்லாரும் ரசித்துச் சாப்பிடுகிறார்கள் என்று பூரித்துப்போனான்.

சம்பந்தி வெளியே வந்தார்.

"தம்பி, வெறும் தட்டைச் சுத்தி உக்காந்து எத்தன நேரந்தான் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

ஸுஹைர் பின்பக்கம் விரைந்தான். ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தால், சமையல் கொட்டகையில் வாப்பா தலையில் கைவைத்து நின்றார். ஆளில்லாத வாசலில் இன்னும் நகராமல் நின்ற சதக் மாமாவிடம் ஓடினான்.

"மாமா, உள்ள சோறே வரல. ஒங்க கூட்டாளிகளுக்கும் எடமில்ல."

மாமா பெருமூச்சு விட்டார்.

"அவனுக மூணு பேரும் மௌத்தாகி மண்ணுக்குள்ள போயி வருசக்கணக்காச்சு மருமவனே. வெறகு ஈரம், பிரியாணி தம்மு எறங்குற வரைக்கும் ஒருத்தரையும் விடாம வாசலை மறிச்சு நில்லுங்கன்னு என்னைய நிறுத்துனதே ஒன் வாப்பாதான்."